ஸ்காட்ச்சுக்கும் பர்பனுக்கும் என்ன வித்தியாசம்? திருச்சி ஏர்போர்ட்டில் வந்திறங்கும் 2 லிட்டர் பாட்டில் கணக்கு!

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா... திருச்சி விமான நிலையத்தில் இந்த ஊர்களிலிருந்து ஃப்ளைட் இறங்கினால், டிராலியில் பெட்டிகளுக்கு மேலே ஒரு டியூட்டி ஃப்ரீ கவரும் உட்கார்ந்திருக்கும். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில் வரிசையில் நண்பர்களுக்கென்று வாங்கி வரும் விஸ்கி பாட்டிலும் பல காலமாக இடம்பிடித்திருக்கிறது.

பாட்டில் வந்துவிட்டால் பட்டிமன்றமும் வந்துவிடும். “ஸ்காட்ச்சுன்னா ஸ்காட்ச்தான், மத்ததெல்லாம் சும்மா” என்று ஒருவர். “பர்பன் குடிச்சுப் பார்த்திருக்கியா? தொண்டையில இறங்குறதே தெரியாது” என்று இன்னொருவர். “எல்லாம் ஒண்ணுதாம்ப்பா, பேருக்குத்தான் காசு” என்று மூன்றாவது ஆள்.

இதில் யார் சொல்வது சரி? ஸ்காட்ச் என்றால் என்ன, பர்பன் என்றால் என்ன, நம்ம ஊர் டாஸ்மாக் கடையில் ‘விஸ்கி’ என்று விற்கப்படுவது இதில் எந்த வகை, எவ்வளவு கொண்டு வரலாம், எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

(தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்க எந்தக் காரணமும் இதில் இல்லை.)

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம், வரி. வெளிநாட்டு விஸ்கிக்கு இந்தியா பல ஆண்டுகளாக 150 சதவீத இறக்குமதி வரி விதித்து வந்தது. 2025-ல் இரண்டு மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன.

முதலாவது, பர்பன். 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடியின் அமெரிக்கப் பயணத்தையொட்டி, அமெரிக்க பர்பன் மீதான மொத்த இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. இந்தச் சலுகை பர்பனுக்கு மட்டும்தான்.

இரண்டாவது, ஸ்காட்ச். 2025 ஜூலை 24-ம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் 150 சதவீதம் 75 சதவீதமாகக் குறையும். அதன்பிறகு படிப்படியாகக் குறைந்து, பத்தாவது ஆண்டில் 40 சதவீதத்துக்கு வரும்.

ஒரு உதாரணத்துக்கு, இந்தியத் துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்பில் வந்திறங்கும் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி வரியை மட்டும் சேர்த்தால்:

• 150 சதவீத வரி: 2,500 ரூபாய்
• 100 சதவீத வரி (பர்பன்): 2,000 ரூபாய்
• 75 சதவீத வரி (ஸ்காட்ச், ஒப்பந்தத்தின் தொடக்கம்): 1,750 ரூபாய்
• 40 சதவீத வரி (ஸ்காட்ச், பத்தாவது ஆண்டு): 1,400 ரூபாய்

‘அப்போ டாஸ்மாக்ல விலை பாதியா குறைஞ்சிடுமா?’ என்றால், குறையாது. இறக்குமதி வரி மத்திய அரசுக்குப் போவது. அதற்கு மேல் மாநில அரசின் ஆயத்தீர்வை, வாட் வரி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் ஏறும். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடையில் ஒட்டப்படும் விலை மாநில அரசின் முடிவையும் பொறுத்தது.

இந்த வரிக்குறைப்புக்காக ஸ்காட்லாந்து ஏன் இத்தனை ஆண்டுகள் மெனக்கெட்டது? பாட்டில் எண்ணிக்கையில் உலகிலேயே அதிகம் ஸ்காட்ச் வாங்கும் நாடு இந்தியா. 2024-ல் மட்டும் 19 கோடியே 20 லட்சம் பாட்டில் அளவுக்கு ஸ்காட்ச் இங்கு வந்திருக்கிறது. அப்படியிருந்தும் இந்தியாவில் விற்கும் மொத்த விஸ்கியில் ஸ்காட்ச்சின் பங்கு இரண்டு, மூன்று சதவீதம்தான். மீதி எல்லாம் உள்ளூர் சரக்கு.

முதலில், விஸ்கி என்றால் என்ன?

தானியத்தை ஊறவைத்து, நொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுப்பதுதான் விஸ்கி. காய்ச்சி வடிக்கும்போது அது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல்தான் வரும். பாட்டிலில் நாம் பார்க்கும் தேன் நிறமும், வாசனையில் பெரும்பகுதியும் மரத்திலிருந்து வருபவை.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காபிப்பொடி வாங்கும்போது பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எவ்வளவு, கொட்டையை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? விஸ்கியிலும் அதே கேள்விகள்தான். எந்தத் தானியம், எவ்வளவு விகிதம், பீப்பாயை எவ்வளவு கருக்கினார்கள், எத்தனை ஆண்டு வைத்தார்கள்? ஸ்காட்ச்சும் பர்பனும் பிரிவது இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான்.

ஸ்காட்ச்: சட்டம் என்ன சொல்கிறது?

மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு இருப்பதுபோல, ஸ்காட்ச் என்ற பெயரும் ஊரோடு கட்டப்பட்டது. 2009-ம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளின்படி:

• ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி வடித்து, அங்கேயே பீப்பாயில் வைத்திருக்க வேண்டும்.
• ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். பீப்பாயின் கொள்ளளவு 700 லிட்டரைத் தாண்டக் கூடாது.
• ஆல்கஹால் அளவு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும்.
• தண்ணீரும், நிறத்துக்காகச் சேர்க்கும் சாதா கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது.

இதில் ஐந்து வகை உண்டு. நாம் அதிகம் கேள்விப்படுபவை இரண்டு.

சிங்கிள் மால்ட்: முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே ஆலையில் காய்ச்சியது. ‘ஒரே பீப்பாயில் இருந்து எடுத்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பல பீப்பாய்களில் இருந்து கலக்கலாம், ஆனால் எல்லாம் அந்த ஒரே ஆலையுடையதாக இருக்க வேண்டும். கிளென்ஃபிடிக், கிளென்லிவெட், லஃப்ராய்க் இந்த வகை.

பிளெண்டட் ஸ்காட்ச்: பல ஆலைகளின் மால்ட் விஸ்கியையும், கோதுமை அல்லது சோளத்தில் செய்த கிரெய்ன் விஸ்கியையும் கலந்தது. ஜானி வாக்கர், ஷிவாஸ் ரீகல், பாலன்டைன்ஸ், டீச்சர்ஸ் எல்லாம் இந்தக் கணக்கு. உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி இதுதான். பிளெண்ட் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறாமல் ஒரே மாதிரி கொடுப்பதுதான் அதன் வேலை.

‘புகை வாடை அடிக்குதே?’

ஸ்காட்ச்சை முதல்முறை முகர்ந்தவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மக்கி உருவான ஒரு வகைக் கரிமண். முளைகட்டிய பார்லியைக் காயவைக்க இதை எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறிவிடும். ஐலா தீவின் லஃப்ராய்க், ஆர்ட்பெக், லகவுலின் போன்றவை இதற்குப் பேர்போனவை. அடுப்புப் புகையும் ஆஸ்பத்திரி டிஞ்சரும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். சிலருக்கு உயிர், சிலருக்கு ஒரு மடக்கோடு சரி.

ஆனால் எல்லா ஸ்காட்ச்சும் இப்படி இல்லை. ஸ்பேசைட் பகுதியைச் சேர்ந்த கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் போன்றவற்றில் புகை தெரியாது. ஆப்பிள், பேரிக்காய் மாதிரியான பழ வாசனை தூக்கலாக இருக்கும். ஜானி வாக்கர் பிளாக் லேபிள் இரண்டுக்கும் நடுவில், லேசான புகையோடு இருக்கும். ‘ஸ்காட்ச்னாலே புகை, அதனால எனக்குப் பிடிக்காது’ என்பது ஒரு தெருவைப் பார்த்துவிட்டு ஊரையே சொல்வது மாதிரி.

பர்பன்: அமெரிக்காவின் கணக்கு வேறு

பர்பனை ‘அமெரிக்காவுக்கே உரிய பொருள்’ என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் 1964-ல் தீர்மானம் போட்டு அறிவித்தது. விதிகள் இவை:

• தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும்.
• உள்பக்கம் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்ற முடியாது.
• பீப்பாயில் ஊற்றும்போது ஆல்கஹால் அளவு 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும்.
• தண்ணீர் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. நிறத்துக்குக் கேரமல்கூடக் கூடாது.

அந்த 51 என்ற எண் நமக்குப் புதிதல்ல. இந்திய உணவுத் தர விதிப்படி, காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்தப் பெயரில் விற்க முடியாது. பர்பனில் மக்காச்சோளத்துக்கும் அதே அளவுதான்.

பர்பனுக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. ஆனால் லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட் பர்பன்’ என்று இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று இருந்தால் குறைந்தது 4 ஆண்டுகள், ஆல்கஹால் 50 சதவீதம், ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் காய்ச்சியது என்று அர்த்தம். கலப்படத்தைத் தடுக்க அமெரிக்கா 1897-ல் கொண்டுவந்த சட்டம் அது.

ஜிம் பீம், மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி, ஃபோர் ரோசஸ், பஃபலோ டிரேஸ் ஆகியவை தெரிந்த பெயர்கள். எல்லாமே கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவை. சட்டப்படி அமெரிக்காவில் எங்கு வேண்டுமானாலும் பர்பன் செய்யலாம் என்றாலும், பெரும்பகுதி கென்டக்கியில்தான் செய்யப்படுகிறது.

‘அப்போ ஜாக் டேனியல்ஸ்?’ அதன் லேபிளில் டென்னசி விஸ்கி என்றுதான் இருக்கும். பீப்பாயில் ஊற்றுவதற்கு முன் மேப்பிள் மரக்கரியின் வழியாக அதைச் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவார்கள். மற்றபடி செய்முறை பர்பனுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் இரண்டையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள்.

பர்பன் ஏன் இனிப்பாகத் தெரிகிறது?

மக்காச்சோளத்தின் சர்க்கரை அப்படியே பாட்டிலுக்கு வருவதில்லை. நொதிக்கும்போதே அது ஆல்கஹாலாக மாறிவிடும். பர்பனில் வரும் வெனிலா, கேரமல், கொஞ்சம் தேங்காய் மாதிரியான வாசனைகளுக்குக் காரணம் கருக்கிய புதிய மரம்தான். மரத்தைச் சூடாக்கும்போது அதிலுள்ள பொருள்கள் உடைந்து வெனிலின் போன்றவை உருவாகின்றன. புதிய பீப்பாயில் இவை நிறைய இருக்கும்.

பர்பனுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. ஜிம் பீம், வைல்ட் டர்க்கி போன்றவற்றில் சோளத்தோடு ரை என்ற தானியம் சேரும். அதனால் மிளகு, பட்டை மாதிரி ஒரு சுருக்கென்ற காரம் வரும். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை. அதனால் மிருதுவாக இருக்கும். “இறங்குறதே தெரியாது” என்று சொல்பவர் எந்த பர்பனைக் குடித்துவிட்டுச் சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே பீப்பாய், இரண்டு வேலை

பர்பனுக்குப் பழைய பீப்பாய் ஆகாது என்றால், காலியான பீப்பாய்கள் எங்கே போகின்றன? ஸ்காட்லாந்துக்குத்தான் நிறையப் போகின்றன. ஸ்காட்ச்சுக்கு ஓக் பீப்பாய் இருந்தால் போதும், புதிதாக இருக்க வேண்டியதில்லை. இன்று ஸ்காட்ச் இருக்கும் பீப்பாய்களில் பெரும்பாலானவை முன்பு பர்பன் இருந்தவை. ஆக, ‘ஸ்காட்ச்தான் ஒசத்தி’ என்று சண்டை போடுபவர் குடிப்பதிலும் கொஞ்சம் பர்பன் வாசனை இருக்கிறது.

கம்பெனிகளுக்கும் இந்தச் சண்டை கிடையாது. ஜிம் பீம், மேக்கர்ஸ் மார்க் ஆகிய பர்பன்களும், டீச்சர்ஸ், லஃப்ராய்க் ஆகிய ஸ்காட்ச்களும் ஜப்பானைச் சேர்ந்த ஒரே சன்டோரி குழுமத்துக்குத்தான் சொந்தம்.

12 வருஷம் என்றால் 6 வருஷத்தை விட நல்லதா?

வயதை ஊரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பீப்பாயில் இருக்கும் விஸ்கி ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகும். குளிரான ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். வெயில் காலம் நீளமாக இருக்கும் கென்டக்கியில் இன்னும் அதிகம். பெங்களூருவில் அம்ருத் விஸ்கி ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல். சூடு அதிகமானால் மரத்தோடு நடக்கும் வேலையும் வேகமாக நடக்கும்.

அதனால், புதுப் பீப்பாயில் 6 ஆண்டுகள் இருந்த பர்பனையும், பழைய பீப்பாயில் 12 ஆண்டுகள் இருந்த ஸ்காட்ச்சையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. பர்பனைப் புது மரத்தில் ரொம்ப காலம் விட்டால் மரக்கசப்பு ஏறிவிடும்.

இன்னொன்று, லேபிளில் 12 என்று இருந்தால், அதில் கலந்திருக்கும் மிக இளைய விஸ்கியின் வயது 12 என்று பொருள். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. மாமா 2005-ல் கொண்டுவந்த 12 வருஷ பாட்டில் இன்றும் 12 வருஷ பாட்டில்தான். உள்ளே இருப்பது பழசாகவில்லை, அட்டைப்பெட்டிதான் பழசாகியிருக்கிறது.

நிறத்தை வைத்தும் வயதைச் சொல்ல முடியாது. ஸ்காட்ச்சில் கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால், கருத்த நிறம் எதையும் நிரூபிக்காது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் செய்வது என்ன?

விஸ்கியை ருசி பார்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் முறை இதுதான். இரண்டு கண்ணாடி டம்ளரில் தலா 15 மில்லி. முதலில் முகர்ந்து பார்ப்பது. பிறகு ஒரு சிறு மடக்கு. அதன்பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்வது. ஆல்கஹாலின் எரிச்சல் குறைந்து வாசனை மேலே வரும்.

இங்கு ஒரு உள்ளூர் சிக்கல் இருக்கிறது. ‘அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்’ என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். அது ஸ்காட்லாந்து அறை, 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். திருச்சியில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். ஒரு ஐஸ் கட்டி போடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

கோலா கலந்தால் ஒப்பீடு அதோடு முடிந்தது. இனிப்பும் கேஸும் எல்லாவற்றையும் மூடிவிடும். சைடிஷ்ஷாகச் சிக்கன் 65-யும் மிளகு தூக்கலான வறுவலும் பக்கத்தில் இருந்தால், 2,000 ரூபாய் பாட்டிலும் 10,000 ரூபாய் பாட்டிலும் நாக்குக்கு ஒன்றுதான்.

டாஸ்மாக் குவார்ட்டரில் இருப்பது எந்த விஸ்கி?

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். குறைந்த விலை இந்திய ‘விஸ்கி’யில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, தானியம் அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் எனும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சுத்த ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் விஸ்கியோ, வாசனைப் பொருளோ, நிறமோ சேர்த்து, 42.8 சதவீத ஆல்கஹால் அளவுக்குத் தண்ணீர் கலந்து அடைப்பார்கள். சில பிராண்டுகளில் தானிய ஆல்கஹால் பயன்படுத்துவதும் உண்டு. திருச்சியிலேயே செந்தண்ணீர்புரத்தில் இயங்கும் திருச்சி டிஸ்டில்லரீஸ் மொலாசஸிலிருந்து ஆல்கஹால் வடிக்கும் தொழிலில் இருக்கும் பழைய ஆலை.

ஐரோப்பிய விதிப்படி, தானியத்தில் செய்து 3 ஆண்டுகள் மரப் பீப்பாயில் வைத்தால்தான் விஸ்கி. அதனால் மொலாசஸ் சரக்கை அங்கே விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இந்தியாவில் முடியும்.

பெயரை வைத்தும் ஏமாந்துவிடக் கூடாது. பெங்களூருவின் கோடே நிறுவனம் விற்ற ‘பீட்டர் ஸ்காட்’ என்ற பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடர்ந்த வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் கோடேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சங்கம் மிகவும் தாமதமாக வந்தது என்பது முக்கியக் காரணம். பிற்பாடு ஸ்காட்ச்சுக்கு இந்தியாவிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. லேபிளில் கோட்டை, மான், ஆங்கிலேயப் பெயர் இருப்பதெல்லாம் அலங்காரம். ‘ஸ்காட்ச் விஸ்கி’ என்ற சொல்லே அச்சாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு குழப்பம்: 100 பைப்பர்ஸ், பிளாக் டாக், டீச்சர்ஸ், வாட் 69 போன்றவை ஸ்காட்லாந்திலிருந்து மொத்தமாகக் கொண்டுவரப்பட்டு இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்படுகின்றன. இவையும் உண்மையான ஸ்காட்ச்தான். ஆனால் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்தில்தான் அடைக்க வேண்டும். 2012 நவம்பரிலிருந்து இது கட்டாயம்.

இந்தியாவிலும் முழுக்க பார்லியில் செய்யும் நல்ல சிங்கிள் மால்ட்கள் இருக்கின்றன. பெங்களூருவின் அம்ருத், 2004-ல் முதலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்தான் விற்பனைக்கு வந்தது. கோவாவின் பால் ஜானும் வெளிநாடுகளில் பேர் வாங்கியது.

ஏர்போர்ட்டில் எவ்வளவு கொண்டு வரலாம்?

• வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம். விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 2 லிட்டர். மேலே போனால் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.
• செக்-இன் பெட்டியில் 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவை, கடையில் வாங்கிய சீல் உடையாத பாட்டிலில், ஒருவர் 5 லிட்டர் வரை வைக்கலாம். இது விமானப் பாதுகாப்பு விதி. இதையும் 2 லிட்டர் சுங்க விதியையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.
• துபாயில் வாங்கி, வேறு ஊரில் விமானம் மாறி வருபவர்கள், டியூட்டி ஃப்ரீ கடை சீல் வைத்துத் தரும் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பாட்டில் போய்விடும்.

‘குடிக்கிறவன் நான் இல்லை, ஊர்ல வித்தா டிக்கெட் காசுல கொஞ்சம் தேறும்’ என்று கொண்டு வருபவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் மது விற்பது, 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்த உபயோகத்துக்கு வந்த பாட்டிலை விற்றால் கைதாகும் நிலை வரலாம். மறுபடி வெளிநாடு போக வேண்டியவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

‘ஏர்போர்ட் சரக்கு’ என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கக் கூடாது. விலை உயர்ந்த ஸ்காட்ச், பர்பன் காலி பாட்டில்களில் மட்டமான சரக்கை நிரப்பி, புது மூடி போட்டு விற்பது நாடு முழுவதும் பிடிபடும் மோசடி. அதனால்தான் காலி பாட்டிலை அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், லேபிளையாவது கிழித்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ஏமாறுவது காசு மட்டும் என்றால் பரவாயில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். மெத்தனால் கலந்திருப்பதை நிறம், வாசனை, ருசி எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டில், எந்த லேபிள் ஒட்டியிருந்தாலும் சாராயப் பாக்கெட்டுக்குச் சமம்தான்.

குடித்த பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குதல், கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் இருந்தால் ‘போதை தெளிஞ்சா சரியாயிடும்’ என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரையும் கண்ணையும் காப்பாற்ற அந்தச் சில மணி நேரம்தான் இருக்கிறது.

‘ஸ்காட்ச் உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது’ என்பது உண்மையா?

இல்லை. கல்லீரலுக்கு பிராண்ட் தெரியாது. 42.8 சதவீத விஸ்கியில் 30 மில்லி குடித்தால் சுமார் 10 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி என்றால் சுமார் 61 கிராம். அது பர்பனாக இருந்தாலும், ஸ்காட்ச்சாக இருந்தாலும், டாஸ்மாக் சரக்காக இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. ‘பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது’ என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் மீண்டும் சொன்னது.

வண்டி விஷயத்திலும் இதே நிலைதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல்முறையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திருச்சியில் நண்பர் வீட்டில் ‘ரெண்டே ரெண்டு’ போட்டுவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு ஐந்து நிமிஷம்தானே என்று வண்டியை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால்...

• ஸ்காட்ச்: ஸ்காட்லாந்தில் செய்தது, 3 ஆண்டுகள் கட்டாயம், பெரும்பாலும் பழைய பீப்பாய். பழ வாசனை முதல் கடும் புகை வரை வகை அதிகம்.
• பர்பன்: அமெரிக்காவில் செய்தது, 51 சதவீதம் மக்காச்சோளம், கருக்கிய புதுப் பீப்பாய். வெனிலா, கேரமல் வாசனை தூக்கல்.
• எது உசத்தி என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. புகையும் பழமும் பிடித்தவர் ஒரு பக்கம், வெனிலாவும் மரமும் பிடித்தவர் மறுபக்கம். டிகிரி காபியில் சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இன்னும் முடியவில்லை, இதுவும் முடியாது.
• “எல்லாம் ஒண்ணுதாம்ப்பா” என்ற மூன்றாவது ஆள் சுவை விஷயத்தில் தப்பு. உடம்பு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி.

குடியை விட நினைப்பவர்களும், வீட்டில் ஒருவருக்காக உதவி தேடுபவர்களும் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் பேசலாம்.

(மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு)